பரணில் நாலு மணி நேரம்: குளிர்கால வில்வேட்டையில் கைகால் விறைக்காமல் இருக்க

நவம்பர் கடைசியில் விஸ்கான்சின் காட்டில் விடிவதற்கு முன் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். டிசம்பரில் மின்னசோட்டாவின் வடபகுதியில் அது மைனஸ் 20-க்கும் இறங்கும். அந்தக் குளிரில் வெள்ளைவால் மானுக்காக மரத்தில் 5, 6 மீட்டர் உயரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்காருபவர் மூன்று, நான்கு மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். துப்பாக்கி என்றால் 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானையும் சுடலாம். வில்லுக்கு மான் 20, 25 மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அவ்வளவு பக்கத்தில், விறைத்த காலை உதற ஒருமுறை பலகையில் தட்டினாலே மான் தலையை நிமிர்த்திவிடும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மரத்துப்போன விரலுக்கு ரிலீஸின், அதாவது நாணைப் பிடித்து இழுத்து விடுவிக்கும் சிறு கருவியின், விசை தட்டுப்படாது. எப்போது அழுத்தினோம் என்றே தெரியாமல் அம்பு பறந்தால், நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். மான் அடிபட்டு ஓடி, எங்கோ ஒரு புதரில் கிடந்து மெல்லச் சாகும். அதனால் கைச்சூடு வேட்டையாடுபவரின் சுகத்துக்காக மட்டும் பார்க்க வேண்டிய விஷயமில்லை. விரல் மரத்துவிட்டதென்றால் அன்றைக்கு நாணை இழுக்கக் கூடாது, இறங்கிவிட வேண்டும்.

விரலுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது

கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பிடித்து வைக்கிறது. விரலுக்குள் தசையும் கிடையாது. விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து தசைநாண் மட்டும்தான் விரலுக்குள் ஓடுகிறது. ஆகவே விரலுக்கு வரும் சூடு ஏறக்குறைய முழுக்க ரத்தத்தோடு வருவது. நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்ததும் உடம்பு முதலில் செய்வது கைகாலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான். உள்ளுறுப்புகளைக் காக்க விரல்களைக் கைவிடுகிறது.

குளிர்ந்த விரல் சில நிமிடம் கழித்துத் தானாகவே கொஞ்சம் சூடேறி மறுபடி குளிர்வதைப் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் எழுதிவைத்தார். பனித்தண்ணீரில் கைவிட்டு வேலை செய்யும் மீனவர்களிடம் இது நன்றாகத் தெரியும். ஆனால் உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் இந்தத் திரும்பு சூடு மங்கிப்போகும்.

இதனால் கைகாலுக்கான முதல் செலவு மார்புக்குத்தான். கை இல்லாத தடித்த மேற்சட்டை ஒன்று, கழுத்தை மூடும் கம்பளிக் குழாய், காதை மூடும் தொப்பி, நெஞ்சுவரை ஏறும் தோள்பட்டை வார் வைத்த கால்சட்டை. கால்சட்டைக்கும் மேற்சட்டைக்கும் நடுவே முதுகில் நாலு விரல் இடைவெளி விட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கையுறை போட்டாலும் பலனில்லை. மணிக்கட்டையும் மறக்க வேண்டாம். அங்கே ரத்தக்குழாய் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. பழைய கம்பளிக் காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு, மேல்குழாயை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாலே வித்தியாசம் தெரியும்.

நடையில்தான் எல்லாம் கெடுகிறது

பரணில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் கால் விறைத்துவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்குக் கால் கெட்டது பரணில் இல்லை. காரிலும் காட்டு வழியிலும்தான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வியர்வையில் நனைந்த காலுறை பாதத்தின் சூட்டை நேராகப் பூட்ஸின் அடிக்கு இறைத்துவிடும்.

வீட்டிலிருந்து காட்டுக்கு வண்டி ஓட்டும்போது சாதாரணச் செருப்போ ஷூவோ போதும். தடித்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஹீட்டரையும் காலடியில் திருப்பிவிட்டு 40 நிமிடம் ஓட்டினால், இறங்கும்போதே பாதம் ஈரம். பூட்ஸையும் கையுறையையும் வண்டியின் பின்பெட்டியில் போடவும் கூடாது. இரவெல்லாம் உறைந்த பூட்ஸைச் சூடாக்கும் வேலை உங்கள் பாதத்தின் தலையில் விழும். அவை உங்களோடு உள்ளே, இருக்கையில் வரட்டும்.

நடக்கும்போது உள்ளுடுப்பும் மெல்லிய ஃபிளீஸ் ஒன்றும் போதும். தடித்த மேற்சட்டை, கால்சட்டை எல்லாம் முதுகுப் பையில் கட்டி வர வேண்டும். வண்டியை விட்டு இறங்கிய முதல் ஐந்து நிமிடம் நன்றாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் உடுப்பு அதிகம், ஒன்றைக் கழற்றுங்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தே நடக்கலாம். 1 கிலோமீட்டருக்கு 25 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிவிட்டது என்று ஓடுபவர் அன்றைய காலையை அங்கேயே தொலைக்கிறார்.

பரணுக்கு 100 மீட்டர் இருக்கும்போது நில்லுங்கள். உடுப்பையும் காலுறையையும் இங்கேயே மாற்ற வேண்டும், மரத்தடியில் மாற்றினால் சத்தமும் வாடையும் அங்கேயே தங்கிவிடும். பையில் கட்டிய ஃபோம் துண்டைப் பனியில் போட்டு உட்கார்ந்து, ஒரு காலை முடித்துவிட்டு மறு காலாக, காலுறையை மாற்றுங்கள். கழற்றிய காலுறை கைக்குக் காய்ந்ததுபோலத் தோன்றும். விரல் நுனிப் பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஈரம் தெரியும். பிறகு கால்சட்டை. மேற்சட்டையை மேலே ஏறின பிறகு போட்டால் போதும், ஏறுவதிலும் வியர்க்கும்.

பாதம் அதிகம் வியர்ப்பவர்கள் வேட்டைக்கு முந்தின மூன்று, நான்கு இரவுகள் வாசனை இல்லாத வியர்வைத் தடுப்பானைப் பாதத்தில் தடவிவிட்டுப் படுக்கலாம். அக்குளுக்குப் போடும் அதே பொருள்தான்.

பாதம்: தடிமனைவிட இடம் முக்கியம்

குளிர் என்றதும் இரண்டு தடித்த காலுறையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, பூட்ஸுக்குள் காலைத் திணித்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுவது எல்லாரும் செய்யும் தப்பு. சூட்டைப் பிடித்து வைப்பது கம்பளியிலுள்ள காற்று. நசுங்கிய கம்பளியில் காற்று இல்லை. இறுக்கம் ரத்தத்தையும் தடுக்கிறது. பூட்ஸ் வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும். கடைக்கு மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் காலுறையோடு போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஐந்து விரலையும் பியானோ வாசிப்பதுபோல் ஆட்ட முடிந்தால் சரி.

காலுறை: தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலிப்ராப்பிலீன் என்ற செயற்கை இழை, அதன்மேல் ஒரே ஒரு தடித்த மெரினோ. பருத்தி வேண்டவே வேண்டாம். ஈரத்தைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும்.

பூட்ஸ் பெட்டியில் 400, 800, 1200 கிராம் என்று போட்டிருப்பது பூட்ஸின் எடை இல்லை. உள்ளே வைத்த வெப்பக்காப்பு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. அசையாமல் உட்காருவதற்கு 1000, 1200 கிராம் வேண்டும். ஆனால் அதே பூட்ஸில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் பாதம் வேகும். இந்த முரணுக்குச் சரியான விடை மேல்பூட்ஸ். பூட்ஸோடு சேர்த்துக் காலை உள்ளே விட்டு ஜிப்பை இழுத்துவிடும் பெரிய பஞ்சுப் பை மாதிரியான உறை அது. 400 கிராம் பூட்ஸில் நடந்து வந்து, பரணில் உட்கார்ந்து, பாதுகாப்பு வாரை மரத்தில் மாட்டிய பிறகு இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மதிப்பில், கால் குளிருக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் வாங்க வேண்டியது இதைத்தான். போட்டுக்கொண்டு ஏறவோ இறங்கவோ கூடாது. அடி வழுக்கும், படி தட்டுப்படாது.

உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய கம்பளி உறை வைத்த பூட்ஸும் நல்லதுதான், ஒவ்வொரு இரவும் அந்த உறையை வெளியே எடுத்துக் காயவைத்தால். வைக்காவிட்டால் மூன்றாம் நாள் உறையின் விரல் பக்கம் விறைப்பாக, உள்ளே வெண்பனித் துகளோடு இருக்கும். அமெரிக்க ராணுவத்தின் வெள்ளை ரப்பர் பூட்ஸ், முயல் பூட்ஸ் என்று பெயர் பெற்றது, வேறு வழியில் போகிறது. இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை முழுக்க அடைத்துவிட்டதால் வியர்வை அதைத் தொடவே முடியாது. மைனஸ் 54 டிகிரி வரைக்கும் என்று தரப்படுத்தியது. பாதம் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் சூடாக இருக்கும். கனம் அதிகம் என்பதால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியவர்களுக்கே ஒத்துவரும்.

அடுத்தது பரணின் தரை. பெரும்பாலான பரண்கள் இரும்பு அல்லது அலுமினியக் கம்பி வலை. பாதத்தின் சூடு முழுவதும் அதன் வழியாக இறங்கிப்போகும். ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் துண்டு, யோகாவுக்கும் முகாமுக்கும் விரிக்கிறார்களே அந்த வகை, பலகை அளவுக்கு வெட்டிக் கயிற்றால் நான்கு மூலையிலும் கட்டிவிடுங்கள். கட்டாமல் போட்டால் காற்றில் பறக்கும், அல்லது காலடியில் நழுவும். பூட்ஸின் சத்தத்தையும் அது விழுங்கிவிடும்.

உட்கார்ந்திருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூட்ஸுக்குள்ளேயே விரல்களை மடக்கிப் பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. பிறகு குதிகாலை மட்டும் ஒரு சென்டிமீட்டர் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது ரத்தம் ஓடும், வெளியே எந்த அசைவும் தெரியாது. விறைத்த பிறகு இதைச் செய்து பயனில்லை. விறைப்பதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

சூட்டுப் பொட்டலம்

கைக்கும் பூட்ஸுக்கும் வைக்கக் கடையில் விற்கும் சின்னப் பொட்டலம் இது. உள்ளே இருப்பது இரும்புத் தூள், உப்பு, கொஞ்சம் தண்ணீர், கரித்தூள், வெர்மிகுலைட். உறையைக் கிழித்ததும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது. அந்தத் துருவின் சூடுதான் கைக்கு வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

காற்றில்லாமல் துரு இல்லை. உறையைக் கிழித்த கையோடு பூட்ஸுக்குள் போட்டு மூடினால் பொட்டலம் செத்துப்போகும். வெளியே வைத்து 15, 20 நிமிடம் குலுக்கி, நன்றாகச் சூடேறிய பின் உள்ளே வைக்க வேண்டும். பூட்ஸுக்கென்று ஒட்டும் பசையோடு விற்கும் கால்விரல் பொட்டலம் குறைந்த காற்றிலும் வேலை செய்யும்படி கலந்தது. ஆறு மணி நேரம் போல வரும். கைக்கான பொட்டலம் பத்து மணி நேரம் வரை வரும், அதைப் பூட்ஸில் வைத்தால் ஏமாற்றும். கால்விரல் பொட்டலத்தைப் பாதத்துக்கு அடியில் ஒட்டினால் உடம்பின் எடை அதை நசுக்கும். காலுறைக்கு வெளியே, விரல்களின் மேல்பக்கம் ஒட்டுவது நல்லது. மேல்பூட்ஸ் இருந்தால் இன்னும் எளிது: பூட்ஸுக்கும் மேல்பூட்ஸுக்கும் நடுவே போட்டுவிடலாம், காற்றும் இருக்கும், நசுங்காது.

வெறும் தோலில் ஒட்டக் கூடாது. சில பொட்டலங்கள் 60, 70 டிகிரியைத் தொடும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் புண்ணாகும்வரை தெரியாது. பாதியில் வேட்டை முடிந்தால் பொட்டலத்தைக் காற்றை வெளியேற்றிய ஜிப் பையில் அடைத்துவிடுங்கள். துருப்பிடிப்பது நிற்கும், மாலையில் எடுத்துக் குலுக்கினால் மறுபடி சூடேறும். வாங்கும்போதே உறைக்குள் கல்லாக இறுகியிருந்தால் காற்று புகுந்து வீணானது என்று பொருள்.

திரவ எரிபொருள் ஊற்றும் உலோகச் சூட்டுப்பெட்டி நீண்ட நேரம் வரும், ஆனால் பெட்ரோலிய வாடை அடிக்கும். மானின் மூக்குக்கு முன் அதை வைத்துக்கொண்டு உட்காருவது நியாயமில்லை. சார்ஜ் ஏற்றும் மின்சூட்டுப்பெட்டிக்கு வாடை இல்லை. கடும் குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் உடம்பை ஒட்டிய பையில் வைக்க வேண்டும்.

இரண்டு கை, இரண்டு வேலை

இரண்டு கைக்கும் ஒரே மாதிரி தடித்த கையுறை போடுவது வில்லுக்கு ஒத்துவராது. நாண் இழுக்கும் கைக்கு விரல் உணர்ச்சி வேண்டும். வில் பிடிக்கும் கைக்குக் குளிர்ந்த உலோகத்திலிருந்து காப்பு வேண்டும்.

நாண் கைக்கு மிக மெல்லிய மெரினோ அல்லது ஃபிளீஸ் கையுறை ஒன்றே போதும். சூட்டுக்கு இடுப்பில் கட்டும் மஃப்தான் வழி. இரு பக்கமும் திறந்த பஞ்சுக் குழாய் அது, வாரால் இடுப்பில் கட்டி வயிற்றின்மேல் இருக்கும். உள்ளே இரண்டு சூட்டுப் பொட்டலம். கை அதற்குள் இருக்கும்போது விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சூட்டைப் பகிரும். ரிலீஸும் கையோடு மஃபுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே நாணில் தொங்கவிட்ட இரும்பை மைனஸ் 15-இல் விரலால் பிடித்தால், ஒரு மணி நேரம் சேர்த்த சூடு சில நொடியில் போய்விடும்.

மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ் என்றால் வாரை வெறும் மணிக்கட்டில் இறுக்க வேண்டாம். கம்பளி மணிக்கட்டு உறையின்மேல், ஒரு விரல் நுழையும் தளர்வில் கட்டுங்கள். இறுகிய வார் முழுக் கையையும் குளிரவைக்கும். ரிலீஸின் தாடையில் எண்ணெய் விட்டிருந்தால் குளிரில் கெட்டியாகி மெதுவாகத் திறக்கும். துடைத்துவிட்டு உலர்ந்த கிராஃபைட் தூள் போடலாம். மரபு வில்லில் விரலால் நாண் இழுப்பவர்கள் மெல்லிய கையுறையின் மேலேயே தோல் விரல்காப்பைப் பிடித்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

வில் கைக்குக் கொஞ்சம் தடித்த கையுறை போடலாம். ஆனால் பிடியின் தடிமன் மாறினால் வில் உள்ளங்கையில் உட்காரும் கோணம் மாறும், அம்பு பக்கவாட்டில் விலகும். செப்டம்பரிலேயே அந்தக் கையுறையோடு 20 மீட்டரில் எய்து பாருங்கள். அலுமினிய நடுப்பகுதியின் பிடியில் ஒரு சுற்று துணி டேப்போ மெல்லிய தோலோ ஒட்டினால் நல்ல பயன். எல்லாவற்றுக்கும் மேலாக, வில்லைக் கையிலேயே வைத்திருக்க வேண்டாம். மரத்தில் திருகிய கொக்கியில், உட்கார்ந்த இடத்திலிருந்து முழங்கை மட்டும் நீட்டி எடுக்கும் உயரத்தில் தொங்கட்டும்.

மான் கண்ணில் பட்டதும்

60, 70 மீட்டரில் மான் தெரியும்போதே வேலை ஆரம்பிக்க வேண்டும். அது மரத்துக்குப் பின்னால் தலையை மறைக்கும் நொடியில் வில் கையை மஃபிலிருந்து எடுத்து வில்லைக் கொக்கியிலிருந்து இறக்குங்கள். நாண் கை கடைசிவரை உள்ளே இருக்கட்டும். மான் தலை மறையும் அடுத்த நொடியில் கையை எடுத்து ரிலீஸை மாட்டுங்கள்.

இங்கே பலருடைய காலையைக் கெடுப்பது வெல்க்ரோ. அமைதியான உறைபனிக் காட்டில் வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம் துணி கிழிவதுபோல் கேட்கும். மஃபின் வாயிலோ மேற்கையுறையிலோ வெல்க்ரோ இருந்தால் வீட்டிலேயே அதன்மேல் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். நைலான் மேல்துணியும் குளிரில் சரசரக்கும். கம்பளியும் ஃபிளீஸும் சத்தம் போடாது.

தடித்த சட்டைக் கையில் நாண் உரசினால் அம்பு எங்கேயோ போகும். வில் பிடிக்கும் முன்கையில், சட்டையின்மேல், அகலமான முன்கைக் காப்பைக் கட்டுங்கள். இரண்டு மணி நேரம் அசையாத தோளுக்குச் செப்டம்பரில் இழுத்த 65 பவுண்டு இழுவிசை வில் இப்போது இழுபடாமல் போகலாம். 5, 10 பவுண்டு குறைத்துவிடுவது நல்லது. வில்லின் மேல், கீழ் கிளைகளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்த வேண்டும், வில்லின் கையேட்டில் சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது. குறைத்த பிறகு வில்லில் குறிபார்க்கும் முனைகளைத் திரும்பச் சரிபார்த்தே காட்டுக்குப் போக வேண்டும். முழுக் குளிருடுப்போடு, வீட்டில் ஒரு உயரத்தில் உட்கார்ந்தபடி இழுத்துப் பாருங்கள். நாணை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராகப் பின்னுக்கு இழுக்க முடிகிற எடைதான் உங்கள் குளிர்கால எடை.

எப்போது இறங்க வேண்டும்

மைனஸ் 10-இல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 18 மாதிரி. காற்றுக்குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். வலிக்கிற விரல் இன்னும் உயிரோடு இருக்கிறது. வலி நின்று, தோல் மெழுகுபோல் வெளுத்து, தொட்டால் தெரியவில்லை என்றால் அது ஆபத்து. தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தடவவே கூடாது. விரலை அக்குளில் வைத்து உணர்ச்சி திரும்பும்வரை இருங்கள். திரும்பாவிட்டால் மருத்துவமனை. போய்ச் சேர நேரமாகும், வழியில் மறுபடி உறைய வாய்ப்பில்லை என்றால் மட்டும் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்கலாம். கை சுடாமல் இதமாக இருக்கும் வெந்நீர் அது. மரத்த விரலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது, ஆகவே இன்னொருவர் கையால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மதுவைக் குடித்தால் தோலுக்கு ரத்தம் ஏறிச் சூடு போலத் தோன்றும். உடம்பின் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். உயரத்தில் வார் மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அது இரட்டை ஆபத்து. புகைபிடித்தால் குழாய் சுருங்கும். ஃபிளாஸ்க்கில் சூடான சூப்பும், ஒரு கை நிலக்கடலையும் போதும்.

விறைத்த கையோடு இறங்குவதுதான் இந்த வேட்டையில் மிகவும் பயப்பட வேண்டிய கணம். விரல் கொக்கியைச் சரியாகப் பிடிக்காது. இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் இரண்டு கையையும் மஃபில் வைத்துச் சூடேற்றுங்கள். மேல்பூட்ஸைக் கழற்றுங்கள். வில்லைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கிவிடுங்கள். கால் தரையில் படும்வரை முழு உடல் பாதுகாப்பு வார் உயிர்க்கயிற்றிலேயே, அதாவது மரத்தில் மேலிருந்து கீழ்வரை கட்டிய பாதுகாப்புக் கயிற்றிலேயே, மாட்டியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸின் உள்ளுறையையும் காலடிப் பட்டையையும் எடுத்து, அடுப்புக்கு அருகில் இல்லாமல் சாதாரண அறைச்சூட்டில் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். நெருப்புப் பக்கம் வைத்தால் ரப்பர் வெடிக்கும், பசை பிரியும். மஃபை உள்பக்கம் வெளியே திருப்பி வையுங்கள். மறுநாள் காலைக்கான இரண்டு ஜோடி காலுறையை, ஒன்று போட, ஒன்று மாற்ற, அன்று இரவே பையில் வைத்துவிடுங்கள்.